கழுத்தில் அடைப்பு... கடைமடைக்குத் தண்ணீர் வருகிறதா?

'கழுத்து ரத்தக்குழாயில் 60 சதவிகித அடைப்பு!'

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் இப்படி ஒரு வரி வந்துவிட்டால் போதும், அந்த வீட்டில் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. பெங்களூரிலிருந்து மகன் போன் மேல் போன் போடுவார். மகள் மனதுக்குள்ளேயே நகைகளைக் கணக்குப் பார்ப்பாள். 'எங்க மாமாவுக்கு 80 இருந்துது சார், ஸ்டென்ட் வெச்சாங்க. உங்களுது 60தானே' என்று பக்கத்து வீட்டுக்காரர் ஆறுதல் சொல்வார், ஏதோ பரீட்சை மார்க் மாதிரி!

அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடமும் வருகிறார்கள். நான் சித்த மருத்துவன். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு காஞ்சிபுரத்தில் வைத்தியம் பார்க்கிறேன். வருகிறவர்கள் என்னிடம் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். 'ஆபரேஷன் எல்லாம் வேண்டாம், இந்தக் கஷாயம் கரைத்துவிடும்' என்று நான் சொல்ல வேண்டும். நான் அப்படிச் சொல்வதில்லை. 'இந்த அடைப்பால் மூளைக்குப் போகிற ரத்தம் குறைந்திருக்கிறதா? அதை யாராவது பார்த்தார்களா?' என்று திருப்பிக் கேட்கிறேன். பெரும்பாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். 'அது வேற, இது வேறயா டாக்டர்?'

வேறதான். நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கமெல்லாம் ஏரிப் பாசனம். மதகிலிருந்து வாய்க்கால் புறப்படுகிறது. ஓரிடத்தில் மண் சரிந்து வாய்க்கால் பாதி தூர்ந்துபோகிறது. வாய்க்காலைப் பார்த்தவன், 'ஐயையோ, பாதி அடைபட்டுப் போச்சு' என்று அலறுகிறான். விவரம் தெரிந்த விவசாயி என்ன செய்வார்? நேரே கடைமடை வயலுக்குப் போய்ப் பார்ப்பார். அங்கே பயிர் நனைந்திருக்கிறதா? வேறு வாய்க்காலிலிருந்து தண்ணீர் வருகிறதா? வயல் நனைந்திருந்தால், தூர் வாருவதை யோசித்துச் செய்யலாம். வயல் காய்ந்திருந்தால் அன்றைக்கே மண்வெட்டியை எடுக்க வேண்டும்.

கழுத்து டாப்ளர் ஸ்கேன் வாய்க்காலைப் பார்க்கிறது. கடைமடையைப் பார்ப்பதில்லை.

நம் மூளைக்கு நான்கு குழாய்கள் ரத்தம் கொண்டுபோகின்றன. கழுத்தின் முன்பக்கம் இடதும் வலதுமாக இரண்டு 'கரோட்டிட்' தமனிகள். பின்பக்கம், முதுகெலும்பு வழியாக ஏறும் இரண்டு. தாடைக்குக் கீழே, குரல்வளைக்குப் பக்கத்தில் விரலை வைத்தால் துடிக்கிறதே, அதுதான் கரோட்டிட். (மயக்கம் தரச் செய்வது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அழுத்தினால் ஆள் சொக்கிவிடுவான் என்று அந்தக் காலத்திலேயே தெரிந்துவைத்திருந்தார்கள். நீங்கள் இப்போதே அழுத்திப் பார்க்க வேண்டாம்!) அது மேலே போய் இரண்டாகப் பிரிகிறது. கிளை பிரியும் அந்த முக்கில்தான் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து அடைப்பு உண்டாகிறது.

நான்கு குழாய்களும் மூளைக்கு அடியில் ஒரு வளையமாகக் கைகோத்துக் கொள்கின்றன. 1664-ல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை விவரமாக எழுதி வைத்ததால் 'வில்லிஸ் வட்டம்' என்று பெயர். ஒரு குழாய் சுருங்கினால் மற்ற மூன்றும் இந்த வட்டம் வழியாகத் தண்ணீர் திருப்பிவிடும். கடவுள் கட்டிய கலங்கல்! ஆனால், எல்லோருக்கும் இந்த வட்டம் முழுசாக அமைவதில்லை. பலருக்கு ஒரு பக்கம் நூல் போல மெலிந்திருக்கும், சிலருக்கு அந்தத் துண்டே இருக்காது. அதனால்தான் ஒரே 70 சதவிகித அடைப்பு ஒருவரைப் படுக்கையில் போடுகிறது, இன்னொருவரை வரதர் கோயில் கருட சேவையில் ஓடவிடுகிறது. ஒரு பக்கக் குழாய் 100 சதவிகிதமும் அடைபட்ட பிறகும் என் எதிரில் நடந்து வந்து உட்கார்ந்து, 'சும்மா செக்கப்புக்குப் போனேன் டாக்டர்' என்று சொன்னவர் உண்டு. மற்ற குழாய்கள் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கின்றன.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உடம்பு எடையில் மூளை 2 சதவிகிதம்தான். ஆனால், நாம் இழுக்கிற பிராண வாயுவில் ஏறக்குறைய 20 சதவிகிதத்தை அது தின்றுவிடும். 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் வேண்டும். 20 மில்லிக்குக் கீழே போனால் அந்தப் பகுதி வேலைநிறுத்தம் செய்யும். கை ஓயும், பேச்சு குழறும், ஆனால் உயிர் இருக்கும். 10 மில்லி அளவுக்கு இறங்கிவிட்டால் செத்துப்போகும். இந்த 20-க்கும் 10-க்கும் நடுவில் கிடக்கிற மூளையைக் காப்பாற்றத்தான் ஆம்புலன்ஸ் சங்கு ஊதிக்கொண்டு ஓடுகிறது.

கழுத்தில் குழாய் சுருங்கச் சுருங்க, மூளை சும்மா இருப்பதில்லை. உள்ளே இருக்கும் சின்னக் குழாய்களை விரித்துக் கொடுத்து ரத்தத்தை இழுத்துக்கொள்கிறது. இதுதான் கையிருப்பு. இந்தக் கையிருப்பு இருக்கிறவரை வெளியில் ஒன்றும் தெரியாது. சின்னக் குழாய்கள் எல்லாம் முழுசாக விரிந்தபின், இனி விரிய இடமில்லை என்றால்? வருகிற கொஞ்ச ரத்தத்திலிருந்தே அதிகமாகப் பிராண வாயுவை உறிஞ்சப் பார்க்கும். அதுவும் முடிந்தால் வறட்சிதான். முதலில் காய்வது இரண்டு வாய்க்கால்களின் எல்லை சேருமிடத்தில் உள்ள வயல். மூளையிலும் அப்படியேதான். இரண்டு தமனிகளின் எல்லைப் பகுதியில்தான் வறட்சியின் அடையாளம் ஸ்கேனில் தெரியும்.

இந்தக் கையிருப்பை அளக்க முடியுமா? முடியும். 1982-ல் ரூனே ஆஸ்லிட் என்பவர் மண்டை ஓட்டின் மெல்லிய இடம் வழியாக, அதாவது நெற்றிப்பொட்டு வழியாக, ஒலி அலையை அனுப்பி உள்ளே ஓடும் ரத்தத்தின் வேகத்தைப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். 'டிரான்ஸ்க்ரேனியல் டாப்ளர்' என்று பெயர். இதை வைத்துக்கொண்டு உங்களை 30 விநாடி மூச்சை அடக்கச் சொல்வார்கள். அல்லது கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுப்பார்கள். சில இடங்களில் 'அசிட்டசோலமைடு' என்ற மருந்தை ஊசியாகப் போடுவார்கள். கரியமில வாயு கூடினால் ஆரோக்கியமான மூளைக் குழாய்கள் விரிந்து, ரத்த ஓட்டம் விறுவிறுவென்று ஏறும். ஏறினால் கையிருப்பு இருக்கிறது. ஏறவில்லையென்றால் ஏற்கெனவே கடைசிப் பைசா வரை செலவாகிவிட்டது. இதைப் படித்துவிட்டு வீட்டில் மூச்சைப் பிடித்துப் பார்க்காதீர்கள், கருவி இல்லாமல் ஒன்றும் தெரியாது, தலைதான் சுற்றும்.

இது தவிர சி.டி. பெர்ஃப்யூஷன், எம்.ஆர்.ஐ. பெர்ஃப்யூஷன் என்று மூளையின் எந்தப் பகுதிக்கு ரத்தம் எவ்வளவு, எத்தனை தாமதமாக வந்து சேர்கிறது என்று வண்ணப்படமாகவே காட்டும் ஸ்கேன்கள் உண்டு. ஸ்பெக்ட், பெட் எல்லாம் அதற்கும் மேலே. எல்லோருக்கும் எல்லாம் வேண்டியதில்லை. எது வேண்டும் என்பதை நரம்பியல் நிபுணர் முடிவு செய்யட்டும். ஆனால், 'எனக்கு மூளை ரத்த ஓட்டம் பார்க்க வேண்டுமா, வேண்டாமா டாக்டர்? ஏன்?' என்ற கேள்வியைக் கேட்பது உங்கள் உரிமை.

பத்து நிமிஷத்தில் சரியாகிப்போச்சு...

இதோ இந்த வாக்கியத்துக்குத்தான் நான் பயப்படுகிறேன், 60 சதவிகிதத்துக்கு அல்ல.

பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு நாடா வீசுகிற கை திடீரென்று பாரமாகிறது. நாடா கீழே விழுகிறது. எடுக்கப் பார்க்கிறார், விரல் கேட்கவில்லை. ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் கை பழையபடி! 'வாயு பிடிச்சிருக்கும்' என்று வீட்டு அம்மா தைலம் தேய்த்துவிடுகிறார். மறுபடி தறி ஓடுகிறது. சொசைட்டிக்குச் சேலை கொடுக்க வேண்டுமே!

இது வாயுப் பிடிப்பு அல்ல. கழுத்து அடைப்பிலிருந்து துகள் ஒன்று பிய்த்துக்கொண்டு மேலே போய் மாட்டி, பிறகு கரைந்திருக்கலாம். ஆங்கில மருத்துவத்தில் 'மினி ஸ்ட்ரோக்' என்கிறார்கள். ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்குவதுபோல் பார்வை மறைந்து சில நிமிடத்தில் விலகுவதும் அதே ஜாதிதான். ஜரிகை இழை தெரியவில்லை என்று கண்ணாடிக் கடைக்குப் போய்விடுவார்கள்! வாய் கோணி, பேச்சு குழறித் தானாகச் சரியாவதும் அப்படியே. உட்கார்ந்து எழுந்தவுடன் ஒரு பக்கக் கை உதறி உதறி நின்றால், அது வலிப்பாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கையிருப்பு தீர்ந்த மூளை எழுந்து நிற்கும்போது வறண்டு போவதன் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

மினி ஸ்ட்ரோக் வந்தவருக்குப் பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து முதல் இரண்டு நாட்களில்தான் மிக அதிகம். 'ஆடிக்கு அப்புறம் பார்த்துக்கலாம்' என்று சொல்ல நேரமில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரி. இவருக்கு அறுவை சிகிச்சை தேவையென்றால் இரண்டு வாரத்துக்குள் செய்வதே நல்லது என்பது இன்று எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

ஆக, அடைப்பு இரண்டு விதமாகக் கெடுக்கிறது. ஒன்று, துகளை உதிர்த்து அனுப்பும். இதுதான் அதிகம். மற்றது, ரத்தத்தைக் குறைத்துக் காயவைக்கும். சதவிகிதம் என்ற ஒற்றை எண் இந்த இரண்டையும் முழுசாகச் சொல்வதில்லை. இன்னொரு விஷயம். சுருக்கம் ஏறக்குறைய 70 சதவிகிதத்தைத் தாண்டும்வரை அந்தக் குழாயில் ஓடும் ரத்தத்தின் அளவே பெரிதாகக் குறைவதில்லை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு 1991-ல் வந்தது. ஏற்கெனவே அறிகுறி வந்தவர்கள், 70 சதவிகிதத்துக்கு மேல் அடைப்பு. மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 100-க்கு 26 பேருக்கு இரண்டு வருடத்துக்குள் அந்தப் பக்கம் பக்கவாதம். கழுத்தைத் திறந்து அடைப்பைச் சுரண்டி எடுத்தவர்களில் 9 பேருக்குத்தான். பெரிய வித்தியாசம்! அப்படிப்பட்டவரை 'லேகியம் சாப்பிட்டுப் பார்க்கலாம்' என்று பிடித்து வைத்துக்கொள்கிற வைத்தியர் பாவம் செய்கிறார். என் இனத்தார் என்பதற்காக நான் மூடி மறைக்கப் போவதில்லை.

அதே சமயம், ஒரு அறிகுறியும் இல்லாமல் ஸ்கேனில் மட்டும் அகப்பட்டவர்களை வைத்து இன்னொரு ஆராய்ச்சி. 1995-ல் முடிவு வந்தது. ஐந்து வருடத்தில் மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 100-க்கு 11 பேர், ஆபரேஷன் செய்தவர்களில் 5 பேர். லாபம் 6 பேருக்கு. மீதி 94 பேர்? அதுவும் கொழுப்பைக் குறைக்கும் இன்றைய மாத்திரைகள் பரவலாவதற்கு முந்தைய கணக்கு அது. இப்போது மருந்திலேயே ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது. அறிகுறி இல்லாத எல்லோருக்கும் ஸ்டென்ட் வேண்டாம், அவர்களில் ஆபத்து அதிகம் உள்ளவர் யார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கையிருப்பைப் பார்க்கும் பரிசோதனை உதவுவது அங்கேதான். கையிருப்பு தீர்ந்தவருக்கு ஆபத்து அதிகம் என்பது திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது.

ஆனால், இங்கே இன்னொரு பக்கமும் உண்டு. வறட்சி என்று தெரிந்தால் உடனே வாய்க்கால் வெட்டிவிடலாம் என்பதும் சரியல்ல. குழாய் முழுக்க அடைபட்டு, பெட் ஸ்கேனில் வறட்சியும் உறுதியான ஆட்களைத் தேர்ந்தெடுத்து, தலைக்கு வெளியே ஓடும் குழாயை உள்ளே இணைக்கும் பைபாஸ் ஆபரேஷன் செய்து பார்த்தார்கள். 2011-ல் வந்த முடிவு: இரண்டு வருடத்தில் ஆபரேஷன் செய்தவர்களில் 21 சதவிகிதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 22.7 சதவிகிதம். வித்தியாசமே இல்லை. ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் மாதத்திலேயே பலருக்குப் பக்கவாதம் வந்து லாபத்தை விழுங்கிவிட்டது. பல வருடம் வறண்டு கிடந்த மூளைக்குத் திடீரென்று வெள்ளத்தைத் திறந்துவிட்டால் கரை உடையும் அபாயமும் இருக்கிறது. கழுத்து அடைப்பை எடுத்த சில நாட்களில் கடும் தலைவலி, வலிப்பு, சிலருக்கு மூளையில் ரத்தக் கசிவு வரை போவதுண்டு. யாருக்கு அப்படி ஆகலாம் என்பதை முன்கூட்டி ஊகிக்கவும் கையிருப்புப் பரிசோதனை உதவுகிறது. அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்பே பாருங்கள் என்கிறேன்.

நம்மவர்களுக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மேல்நாட்டு வெள்ளையர்களைவிட ஆசியர்களுக்கு, மண்டைக்கு உள்ளே இருக்கும் குழாய்களில் அடைப்பு வருவது அதிகம். கழுத்து ஸ்கேன் சுத்தமாக இருக்கும், உள்ளே தகராறு இருக்கும். 'கழுத்து நார்மல், நாம தப்பிச்சோம்' என்று கோயிலுக்குத் தேங்காய் உடைக்கிற அன்பர்கள் இதையும் மனதில் வைக்க வேண்டும்.

நாடி பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை

ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை என்று நாடி பார்ப்பது எங்கள் மரபு. மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், கபம் பார்க்கிறோம். நல்லது. ஆனால், இரண்டு கையையும் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கைக்குப் போகும் பெரிய தமனி தோள்பட்டைக்கு முன்பே சுருங்கிவிட்டால், அந்தக் கையின் நாடி மெலிந்துவிடும். கை வேலை செய்யச் செய்ய ரத்தம் போதாமல், மூளைக்குப் போக வேண்டிய பின்கழுத்துக் குழாயிலிருந்தே கை ரத்தத்தைத் திருடிக்கொள்ளும். நாள் முழுக்கக் கை வீசுகிற நெசவாளிக்கு வேலை நடுவில் தலைசுற்றல் வந்தால் இதையும் நினைக்க வேண்டும். இது அதிகம் வருவது இடது பக்கம். ஆண் என்றால் வலது கையை மட்டும் பிடித்துப் பார்க்கிற வைத்தியருக்கு எப்படித் தெரியும்?

இளம் பெண்களுக்கு வருகிற ஒன்றும் உண்டு. 1908-ல் டக்கயாசு என்ற ஜப்பானியக் கண் மருத்துவர் எழுதிவைத்த நோய். பெரிய தமனிகளின் சுவர் வீங்கிச் சுருங்கும். கையில் நாடியே கிடைக்காது, கழுத்துக் குழாயும் சுருங்கியிருக்கும். இந்தியாவில் இது அபூர்வமல்ல. இருபத்தைந்து வயதுப் பெண் களைப்பு, மயக்கம், கை அசதி என்று வந்தால் 'ரத்த சோகை' என்று அன்னபேதிச் செந்தூரம் கொடுத்து அனுப்பும் முன், இரண்டு கையிலும் நாடி சமமா என்று பாருங்கள். வீட்டில் பி.பி. மெஷின் வைத்திருக்கிற வாசகர்களும் ஒரு தடவையாவது இரண்டு கையிலும் பார்த்து எழுதிவையுங்கள். மேல் அளவில் 20-க்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

தொக்கணம், வர்மம் எல்லாம் எங்கள் சொத்து. ஆனால், கழுத்தில் அடைப்பு என்று தெரிந்தவருக்கு முன்கழுத்தில் கை வைத்து அழுத்தக் கூடாது. சலூனில் முடி வெட்டிய சுகத்தில் தலையைத் திருகிச் சொடக்கு எடுத்துக்கொள்கிறீர்களே, அதில் அடைப்பே இல்லாதவருக்குக்கூட ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. வேண்டாம் அந்தச் சுகம்.

ஆங்கில மருத்துவர் கொடுத்த ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் நிறுத்திவிட்டு என்னிடம் வராதீர்கள். அதன் மேலேயே பூண்டு மாத்திரை, இன்னும் என்னென்னவோ சூரணங்களைச் சேர்த்துக்கொண்டால் ரத்தம் கசியும் ஆபத்து கூடலாம். சமையலில் போடுகிற பூண்டுக்கு யாரும் தடை சொல்லவில்லை. பக்கவாதம் வந்து தேறியவருக்குக் கை கால் பயிற்சியோடு சித்த மருத்துவம் நன்றாகவே கைகொடுக்கும், அதை நான் தினமும் பார்க்கிறேன். அடைப்பைக் கரைப்பேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன். புகையிலை, பீடி, வாயில் அடக்குகிற பாக்கு, இவற்றை விடச் சொல்வதில்தான் எனக்கு அதிக நேரம் போகிறது. மூன்று வேளையும் ஊறுகாய், அப்பளம் கேட்கிறவர்களோடு சண்டை தனி. (காஞ்சிபுரம் இட்லியை நான் குறை சொல்லவில்லை, அதில் ஊற்றுகிற நெய்யைத்தான் சொல்கிறேன்.)

இரண்டு பக்கக் குழாயும் மிகவும் சுருங்கியவர்கள் பி.பி.யை ஒரே நாளில் இறக்கிவிடப் பார்க்கக் கூடாது. அழுத்தம் சடாரென்று விழுந்தால் கடைமடைதான் முதலில் காயும். அதற்காக மாத்திரையை விட்டுவிடுவதும் தப்பு. டாக்டர் மேற்பார்வையில் மெதுவாகக் குறைக்க வேண்டும். இவர்கள் ஏகாதசியில் தண்ணீர்கூட இல்லாமல் பட்டினி கிடப்பது, வைகாசி வெயிலில் கூட்டத்தில் மணிக்கணக்கில் நிற்பது இரண்டையும் தவிர்க்கட்டும். வீட்டிலிருந்தே கும்பிட்டால் பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கை கால் விழுந்து, வாய் கோணினால் 108-க்குப் போன். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து சென்னை 75 கிலோமீட்டர், வேலூரும் ஏறக்குறைய அவ்வளவுதான். செங்கல்பட்டு இன்னும் கிட்டே. சி.டி. ஸ்கேனும் அந்த ஊசியும் எங்கே இருக்கிறது என்பதை இன்றைக்கே விசாரித்து, காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், டாக்டர் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

ஸ்டென்ட்டுக்குக் கையெழுத்துப் போடச் சொன்னால்? அறிகுறி வந்தவர் என்றால் தயங்காதீர்கள். வராதவர் என்றால் ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். எந்த அளவுகோலில் இந்த 60 வந்தது, வேறு ஸ்கேனில் உறுதி செய்தார்களா, வில்லிஸ் வட்டம் எப்படி இருக்கிறது, கையிருப்பு பார்த்தார்களா, மருந்து மட்டும் சாப்பிட்டால் என்ன ஆபத்து, உங்கள் ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சையின்போதே பக்கவாதம் வருவது 100-க்கு எத்தனை பேருக்கு - ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நல்ல நிபுணர் கோபப்பட மாட்டார், உட்கார வைத்துப் படம் போட்டுக் காட்டுவார். பதில்களை அதே தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, இரண்டாவது நிபுணர் ஒருவரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.